நார்எபிநெஃப்ரின் ஏன்? அமெரிக்காவில் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் ஆக முழுமையான வழிகாட்டி

நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் படிப்புக்கான முதல் நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. “கடைசியாக வேலை பார்த்த ஷிஃப்டில் உங்கள் நோயாளிக்கு என்ன டிரிப் ஓடியது?” நார்எபிநெஃப்ரின் என்றேன். ஏன் என்றார்கள். செப்சிஸ் (தொற்று முற்றி உடல் முழுவதையும் பாதித்த நிலை), பிபி இறங்கிவிட்டது என்றேன். “சரி, ஃபெனைலெஃப்ரினும் பிபியை ஏற்றுமே. அதை ஏன் போடவில்லை?” டாக்டர் ஆர்டர் அப்படி என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. நான்கு வருடம் ஐசியுவில் அந்த மருந்தைத் தினமும் தொட்டவள் நான். அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பதில் இவ்வளவுதான்: ஃபெனைலெஃப்ரின் ரத்தக்குழாயை மட்டும் சுருக்கும். பிபி ஏறும், ஆனால் இதயத் துடிப்பு குறையும், இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறையலாம். செப்சிஸில் இதயமே தளர்ந்திருக்கக்கூடும். நார்எபிநெஃப்ரின் குழாயைச் சுருக்குவதோடு இதயத்துக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் படித்ததில் இது தெரிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் ஒதுக்கவில்லை என்பதுதான் என்னை வருத்தியது. அடுத்த வருடம் இடம் கிடைத்தது. இடையில் நான் பழகிக்கொண்டது, கையில் எடுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ‘ஏன்’ என்று கேட்பதை. விண்ணப்பம், நேர்காணல், படிப்பு முடித்து எழுதும் போர்டு தேர்வு எல்லாமே அந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு உருவத்தில் கேட்கின்றன.

இது என்ன வேலை?

இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவரின் வேலை. அதனால் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அமெரிக்காவில் சிஆர்என்ஏ எனப்படும் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவார், மூச்சுக்குழாயில் டியூப் போடுவார், முதுகில் போடும் ஸ்பைனல், எபிடூரல் ஊசிகள் கொடுப்பார், அறுவை முடியும்வரை தலைமாட்டிலேயே நின்று பார்த்துக்கொள்வார். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. மேயோ கிளினிக்கில் வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ் 1906ல் 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். மயக்க மருந்தால் அதில் ஒரு சாவுகூட இல்லை. 1931ல் அகதா ஹாட்ஜின்ஸ் இவர்களுக்கென ஒரு தேசிய சங்கம் தொடங்கினார். மருத்துவர் மேற்பார்வை தேவையா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதற்கான கூட்டாட்சி விதியிலிருந்து 2001ல் முதலில் விலகிய மாநிலம் அயோவா.

2022 ஜனவரி முதல் சேரும் எல்லோருக்கும் இது முனைவர் பட்டப் படிப்பு. குறைந்தது 36 மாதம், முழுநேரம். நாடு முழுவதும் 130க்கும் மேற்பட்ட ப்ரோகிராம்கள் உள்ளன. சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பதுதான்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில் இடைநிலை ஆண்டு வருமானம் 2,12,650 டாலர். ஆனால் சம்பளத்தை மட்டும் நினைத்து வந்தால் முதல் செமஸ்டரே தாங்காது.

முதலில் காகிதங்கள்

இந்தியாவில் பிஎஸ்சி நர்சிங் முடித்து, என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதி, வெளிநாட்டு நர்ஸ்களுக்கான விசா ஸ்கிரீன் சான்று வாங்கி இங்கே ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதி. இங்கேயே படித்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

உங்கள் பெயரைப் பாருங்கள். மார்க்‌ஷீட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். இங்கே இருக்கும் கணினிக்கு மூன்று பேர். எனக்கு இதைச் சரிசெய்யவே நான்கு மாதம் ஆனது. விண்ணப்பிக்க ஒன்றரை வருடம் முன்பே ஒரு பெயரை முடிவு செய்து, லைசென்ஸ், சிசிஆர்என் என்ற ஐசியு நர்ஸ் சான்றிதழ், பின்னால் வரும் போர்டு தேர்வு வரை எல்லாவற்றிலும் அதையே வையுங்கள்.

அடுத்து, மதிப்பெண் சான்று மதிப்பீடு. பெரும்பாலான கல்லூரிகள் டபிள்யூஈஎஸ் போன்ற நிறுவனத்திடமிருந்து பாடவாரியான மதிப்பீடு கேட்கும். அதற்கு உங்கள் பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டும். கடிதமும் மின்னஞ்சலும் எழுதிக்கொண்டே இருப்பதைவிட, ஊரில் தம்பியோ தோழியோ அங்கீகாரக் கடிதத்தோடு நேரில் போய் நின்றால் வேலை நடக்கும். என் அனுபவத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் வரவே இல்லை. தம்பி இரண்டு முறை போய் வந்ததும் உறை கிளம்பியது. அப்புறம், 65 சதவீதம்தான் வாங்கியிருக்கிறேன் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். மதிப்பீட்டு நிறுவனங்கள் இந்திய மதிப்பெண் முறையை அறிந்தே ஜிபிஏவாக (4க்குக் கணக்கிடும் அமெரிக்க மதிப்பெண் சராசரி) மாற்றுகின்றன. அமெரிக்க 65 போல அதை யாரும் பார்ப்பதில்லை.

ஜிபிஏ 3.0க்குக் கீழ் என்றால் பல இடங்களில் கதவு திறக்காது. போட்டியிடுபவர்களிடம் அதற்கு மேலேயே இருக்கும். அறிவியல் பாடங்களின் ஜிபிஏவைத் தனியாகவும் பார்ப்பார்கள். பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. ஆனால் கம்யூனிட்டி காலேஜில் வேதியியல், புள்ளியியல், முடிந்தால் மேல்நிலை நோய்க்கூறு உடலியல் எடுத்து ஏ வாங்கினால், பத்து வருடம் முன்பு சுமாராகப் படித்தவர் இன்று எப்படிப் படிக்கிறார் என்பதற்கு அது சாட்சி. நான் எடுத்தது மூன்று பாடங்கள், மாலை வகுப்பில். ஜிஆர்ஈ என்ற நுழைவுத் தேர்வைச் சில இடங்களில் மட்டும் கேட்கிறார்கள். அதற்காகப் பல மாதம் செலவிடுவதைவிட, கேட்காத கல்லூரிகளைத் தேடுவது நல்லது.

ஐசியு: விண்ணப்பம் உண்மையில் எழுதப்படும் இடம்

குறைந்தபட்சத் தேவை ஒரு வருட முழுநேர கிரிட்டிக்கல் கேர் அனுபவம். நடைமுறையில் இரண்டு, மூன்று வருடம் உள்ளவர்களே அதிகம் உள்ளே வருகிறார்கள். எந்த ஐசியு என்பதும் முக்கியம். வெண்டிலேட்டர், பிபியைத் தொடர்ந்து காட்டும் ஆர்ட்டீரியல் லைன், அளவை ஏற்றி இறக்கும் டிரிப்கள், இந்த மூன்றும் தினசரி வேலையாக இருக்க வேண்டும். இதய அறுவை ஐசியு, சர்ஜிக்கல், மெடிக்கல், நியூரோ எல்லாம் சரி. அவசர சிகிச்சைப் பிரிவையும் பிஏசியுவையும் (அறுவை முடிந்து மயக்கம் தெளியும் பிரிவு) பல கல்லூரிகள் ஏற்பதில்லை. உங்கள் யூனிட்டில் நோயாளிகள் பாதி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால் பெரிய மருத்துவமனைக்கு மாறுங்கள். மனம் வராதுதான், நண்பர்கள், பழகிய ஷிஃப்ட், வீட்டுக்குப் பக்கம். ஆனாலும் மாறுங்கள்.

சார்ஜ் நர்ஸிடம் மிக மோசமான நிலையில் இருக்கும் நோயாளியைக் கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் அதில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு பக்கம் எழுதினேன்: என்ன மருந்து, எந்த ரிசெப்டர் (செல்லில் மருந்து ஒட்டும் இடம்), ஏன் இவருக்கு, வேறு என்ன கொடுத்திருக்கலாம், அப்படிக் கொடுத்திருந்தால் என்ன கெட்டிருக்கும்.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். நோயாளியின் சராசரி ரத்த அழுத்தம் 55, சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) 7, கார்டியாக் அவுட்புட் (இதயம் வெளியேற்றும் ரத்தம்) நிமிடத்துக்கு 8 லிட்டர். 55லிருந்து 7ஐக் கழித்தால் 48. அதை 8ஆல் வகுத்தால் 6. 80ஆல் பெருக்கினால் 480. உடல் முழுவதிலுமுள்ள ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு இது. இயல்பாக 800 முதல் 1200 வரை இருக்கும். ஆக, இதயம் வேலை செய்கிறது, குழாய்கள் தளர்ந்து கிடக்கின்றன. இவருக்கு இதயத்தைத் தூண்டும் டோப்யூட்டமின் கொடுத்தால் குழாய் இன்னும் தளரும். நார்எபிநெஃப்ரின் ஏற்கனவே உயர்ந்த அளவில் ஓடுகிறது, ரத்தம் அமிலமாகிவிட்டது. அமிலத்தில் நார்எபிநெஃப்ரின் போன்ற அட்ரினலின் வகை மருந்துகள் மந்தமாகும். குழாயைச் சுருக்கும் இன்னொரு மருந்தான வாசோப்ரெசின் வேறு ரிசெப்டரில் வேலை செய்வதால் அந்தப் பாதிப்பு அதற்குக் குறைவு. அதனால்தான் டாக்டர் அதைச் சேர்த்தார். இப்படி நூறு பக்கம் எழுதியிருந்தால் எந்த நேர்காணலிலும் கை நடுங்காது.

சிசிஆர்என்

இது அமெரிக்க கிரிட்டிக்கல் கேர் நர்ஸ்கள் சங்கம் நடத்தும் சான்றிதழ். பல கல்லூரிகள் கட்டாயமாகவே கேட்கின்றன, கேட்காத இடங்களிலும் இது இல்லாத விண்ணப்பம் பின்வரிசைக்குப் போகும். தகுதி: கடந்த இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் நேரடி நோயாளி பராமரிப்பு, அதில் 875 மணி கடைசி ஒரு வருடத்துக்குள். ஐந்து வருடத்தில் 2,000 மணி என்ற இன்னொரு வழியும் உண்டு. தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். 125க்குத்தான் மதிப்பெண், மீதி 25 சோதனைக் கேள்விகள். எது எது என்று உங்களுக்குத் தெரியாது.

மூன்று மாதம் போதும். இதயமும் நுரையீரலும் பெரிய பங்கு, அங்கே முதல் ஆறு வாரம். நாம் வழுக்குவது நெறிமுறை, குடும்பத்தாரோடு பேசுவது பற்றிய கேள்விகளில். நம் ஊரில் மகனைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லி, நோயாளியிடம் மறைப்பது அன்பாகவே பார்க்கப்படுகிறது. இந்தத் தேர்வில் நோயாளியின் விருப்பமே முதலில். அந்த மாற்றம் மனதில் ஏறாவிட்டால் சரியான விடை தவறாகத் தெரியும்.

விண்ணப்பம்

பல ப்ரோகிராம்கள் நர்சிங்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. சில தனியாக வாங்குகின்றன. கடைசித் தேதிகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. நான்கிலிருந்து ஆறு இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஒரு வருடத்தைப் பணயம் வைப்பது. உயிர்காக்கும் அவசர சிகிச்சைச் சான்றிதழ்களான பிஎல்எஸ், ஏசிஎல்எஸ், பல இடங்களில் குழந்தைகளுக்கான பிஏஎல்எஸ்ஸும் நடப்பில் இருக்க வேண்டும்.

ஒரு சிஆர்என்ஏவோடு முழு நாள் நின்று பாருங்கள். ஒரு முறை போதாது, மூன்று நான்கு நாள் வேண்டும். வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே அனஸ்தீசியா பிரிவில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். காலை ஆறு மணிக்கு மெஷின் சோதிப்பதிலிருந்து கூட இருங்கள். எனக்கு இன்னும் மறக்காதது, மயக்கத்தில் போகும் முன் ஒரு பாட்டி கேட்டார், “நான் எழுந்திருக்கும்போது நீ இருப்பாயா?” “இருப்பேன் அம்மா, அதுவரை எங்கேயும் போக மாட்டேன்” என்றார் அந்த சிஆர்என்ஏ. நான்கு மணி நேரம் கழித்து அந்தப் பாட்டி கண் திறந்தபோது அவர் அங்கேயே இருந்தார். என் விண்ணப்பக் கட்டுரையை அந்த ஒரு காட்சியிலிருந்துதான் தொடங்கினேன்.

ஆம், கட்டுரை. “சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை” என்று தொடங்காதீர்கள். தேர்வுக் குழு அதை நூறு முறை படித்திருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று, அதில் நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதன் காரணம் இது போதும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று உங்கள் ஐசியு மேலாளரிடமிருந்து வர வேண்டும். அவருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள், நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதியும் கொடுங்கள்.

நேர்காணல்

இரண்டு வகை உண்டு. ஒன்று மருத்துவக் கேள்விகள்: ஏபிஜி (தமனி ரத்த வாயுச் சோதனை) படிப்பது, டிரிப்கள், வெண்டிலேட்டர் அமைப்பு, ஷாக் (ரத்த ஓட்டம் சரிந்த நிலை) வகைகள். நோட்டு எழுதியவர்களுக்கு இது பழகிய பாதை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, “இப்படி யோசிப்பேன்” என்று சத்தமாக யோசித்துக் காட்டுங்கள். தெரிந்த மாதிரி சமாளிப்பவரை அறுவை அரங்கில் தனியாக விடுவதற்கு யாருக்கும் தைரியம் வராது.

இன்னொன்று உங்களைப் பற்றிய கேள்விகள். தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதனால் “நாங்கள் செய்தோம், டீம் பார்த்துக்கொண்டது” என்றே வாயில் வரும். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே தெரியாமல் போகும். “நான் கவனித்தேன், நான் டாக்டரைக் கூப்பிட்டேன்” என்று சொல்லிப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் இல்லை, இன்னொரு மனிதர் முன்னால்.

“நீங்கள் செய்த தவறு ஒன்று சொல்லுங்கள்” என்று கட்டாயம் கேட்பார்கள். உண்மையான தவறைச் சொல்லுங்கள். நான் சொன்னது: இன்சுலின் டிரிப் ஓடிய நோயாளிக்கு மணிக்கொரு முறை பார்க்க வேண்டிய சர்க்கரையை 40 நிமிடம் தாமதமாகப் பார்த்தேன், 58க்கு இறங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தேன், டாக்டரிடம் நானே சொன்னேன், சம்பவ அறிக்கையும் நானே எழுதினேன். அன்றிலிருந்து இன்சுலின் தொடங்கிய அடுத்த நொடி அலாரம் வைத்துவிடுவேன். அவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

பணம்

கல்விக் கட்டணம் மட்டுமே லட்சம் டாலரைத் தாண்டும் கல்லூரிகள் பல. மூன்று வருடம் வேலைக்குப் போக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சி மாணவர் கடன் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். முன்பு பலரும் நம்பியிருந்த கிராட் பிளஸ் கடனை 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். ஆகவே சேமிப்பும் தனியார் கடனும் பற்றிக் கல்லூரி நிதி உதவி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ராணுவத்தில் சேர்ந்து படிக்கும் வழியும் உண்டு, அதில் சம்பளத்தோடு படிப்பு. பதிலுக்குப் பல வருட ராணுவப் பணி.

ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள், சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். தங்கையின் கல்யாணம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் அந்த 36 மாதத்தில்தான் வரும். பேசாமல் சேர்ந்து, நடுவில் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் தேடிப்போய் மதிப்பெண் சரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போனபின்

முதல் வருடம் பெரும்பாலும் பாடம், அப்புறம் அறுவை அரங்கு. சில கல்லூரிகளில் இரண்டும் கலந்தே வரும். முடிக்கும்போது குறைந்தது 2,000 மணி நேர மருத்துவப் பயிற்சியும் 600 கேஸ்களும் கணக்கில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேஸையும் அன்றிரவே பதிவு செய்யுங்கள். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் எபிடூரல்கள் தொலைந்துபோகும். படிப்பின் நடுவே எஸ்இஇ என்ற சுயமதிப்பீட்டுத் தேர்வு வரும், 240 கேள்விகள். எங்கே பலவீனம் என்று அது காட்டும், அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

போர்டு தேர்வு

என்சிஇ எனப்படும் தேசியச் சான்றிதழ் தேர்வு. நர்ஸ் அனஸ்தெடிஸ்ட்களுக்குச் சான்றளிக்கும் வாரியமான என்பிசிஆர்என்ஏ நடத்துகிறது. என்க்ளெக்ஸ் எழுதியவர்களுக்கு இதன் உருவம் பரிச்சயம்: நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல கேள்வி கடினமாகும். குறைந்தது 100 கேள்விகள், அதிகபட்சம் 170, நேரம் மூன்று மணி. அதில் 30 கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை. பதில் கொடுத்தபின் பின்னால் போய்த் திருத்த முடியாது. எல்லாமே கடினமாகத் தெரிந்தால் கலங்காதீர்கள், தேர்வு உங்கள் மட்டத்தைத் தேடுகிறது என்றுதான் பொருள். சமீப ஆண்டுகளில் முதல் முறை எழுதுபவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் தேறுகிறார்கள்.

பாடப்பகுதி நான்கு: அடிப்படை அறிவியல், கருவிகள், மயக்க மருந்தின் பொதுக் கோட்பாடுகள், பலவகை அறுவைகளும் சிறப்பு நோயாளிகளும். எல்லோரும் தள்ளிப்போடுவது கருவிகளை. தள்ளாதீர்கள், அங்கே கணக்கு தெரிந்தால் விடை உறுதி.

உதாரணமாக ஆக்சிஜன் ஈ சிலிண்டர். நிறைந்திருக்கும்போது அழுத்தம் சுமார் 2,000 பிஎஸ்ஐ, உள்ளே சுமார் 660 லிட்டர். அழுத்தம் காட்டும் முள் 1,000த்தில் நிற்கிறது என்றால் பாதி, 330 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால் 55 நிமிடம். நோயாளியை ஐசியுவுக்குக் கொண்டுபோகும் வழியில் லிஃப்ட் நின்றுவிட்டால் இந்தக் கணக்குதான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரில் இந்தக் கணக்கு செல்லாது. உள்ளே அது திரவமாக இருக்கிறது. திரவம் தீரும்வரை முள் 745லேயே நிற்கும், பிறகுதான் இறங்கத் தொடங்கும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். நம் சமையல் கேஸ் சிலிண்டரை அம்மா தூக்கிப் பார்த்துச் சொல்வார்களே, அதே காரணம்.

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். ஒரு ரிவ்யூ கோர்ஸ், ஒரு கேள்வி வங்கி, அதற்கு மேல் வாங்க வேண்டாம். தினம் 50 கேள்விகள். தவறானவற்றுக்கு நோட்டில் ஒரு வரி: என் விடை ஏன் தவறு, சரியானது ஏன் சரி. சரியாகப் போட்டதிலும் குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். மயக்க மருந்தால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும் மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவுக்கு டான்ட்ரோலின் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், லோக்கல் அனஸ்தெடிக் விஷமானால் 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர், இப்படிப்பட்ட எண்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நம் பள்ளிகள் நமக்கு அதை நன்றாகவே பழக்கியிருக்கின்றன. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத்தான் நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய நாள் கேள்வி வங்கியைத் திறக்காதீர்கள். நான் சாம்பார் வைத்து, மகளோடு பூங்காவுக்குப் போய், ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டேன்.

தேறியபின்னும் உடனே வேலைக்குப் போய் நிற்க முடியாது. மாநில லைசென்ஸ், மருத்துவமனையின் நற்சான்றுச் சரிபார்ப்பு, சில மாநிலங்களில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கான டிஇஏ பதிவு எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கடைசி செமஸ்டரிலேயே படிவங்களை நிரப்பத் தொடங்கிவிடுங்கள். சான்றிதழைப் புதுப்பிப்பது நான்கு ஆண்டுச் சுழற்சி. அந்தப் படிவங்களிலும் பெயர், ஒன்றரை வருடம் முன்பே முடிவு செய்யச் சொன்னேனே, அதே பெயர்தான்.